தேதி போடாத இரங்கல் கடிதம்

ஜூலை 6, புதன்

காலையிலிருந்து காற்று, நடுநடுவே சாரல். கொடியில் போட்ட புடவை இரண்டு தடவை கீழே. மாராத்தாள் வேலைக்கு வந்தது எட்டே முக்காலுக்கு. கேட்டால், "பஸ்ஸு நிக்கவே இல்லீங்கம்மா." தினமும் ஏதோ ஒரு பஸ் நிற்பதில்லை.

வாங்க வேண்டியவை: மை (நீலக் கறுப்பு, போன தடவைபோல் நீலம் அல்ல), நீள உறை ஒரு கட்டு, கண்ணாடிக்கு ஸ்குரூ.

பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக் கோமதி. மகளைப் பெண் பார்த்துப் போனவர்களுக்கு வேண்டாம் என்று எழுத வேண்டுமாம்.

"மனசு நோகாம எழுதணுங்கம்மா. ஜாதகம் சேரலைன்னு போட்டரலாங்களா?"

"சேர்ந்துதா, சேரலையா?"

"சேர்ந்துதுங்க. பத்துக்கு எட்டு."

"அப்புறம் எதுக்குப் பொய்?"

"பின்னே, பையனுக்கு இப்பவே பாதித் தலை காலின்னு எழுதறதுங்களா?"

எழுதிக் கொடுத்தேன். மறுப்புக் கடிதம் ஆறு வரிக்கு மேல் போகக் கூடாது. காரணம் ஒன்றே ஒன்று. இரண்டு காரணம் எழுதினால் இரண்டும் பொய் என்று தெரிந்துவிடும். கடைசி வரி அவர்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி மரியாதையாக. கோமதி மூன்று தடவை படித்தாள். "வேண்டாங்கறீங்களா, வாங்கங்கறீங்களான்னே தெரியலீங்களே, அவ்வளவு நல்லா இருக்குது" என்றாள்.

மாலை நாலு மணி. சூலூரிலிருந்து மோகன். தம்பி தங்கவேலின் மகன். பதினொரு வருடத்தில் இந்த வாசலில் முதல் தடவை. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நெற்றி அப்படியே தங்கவேல்.

"அத்தை, அப்பாவுக்கு ஈரல்ல கட்டிங்க. இனி வெச்சிருந்து பிரயோசனமில்ல, ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போயிருங்கன்னுட்டாங்க."

எத்தனை நாள் என்று கேட்டேன்.

"ஆடி தாண்டறது சிரமம்னாங்க."

"அவன் அனுப்பினானா உன்னை?"

"இல்லீங்க. அவருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஒரு எட்டு வந்து பாத்துப்போட்டுப் போயிருங்க அத்தை."

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வர்றது? எழுதறேன்."

"எழுத்தெல்லாம் எதுக்குங்க இப்ப. முக்கா மணி நேரப் பஸ்ஸுங்க."

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

ஜூலை 7, வியாழன்

காற்று நிற்கவில்லை. முழங்கால் வலி.

தங்கவேலுக்குக் கடிதம். நான்கு தாள் வீண்.

நோயாளிக்கு எழுதுவதற்கு நான் மற்றவர்களுக்குச் சொல்லும் விதிகள்: நோயின் பெயரை எழுதாதே. வைத்தியம் சொல்லாதே. உனக்கு வந்த நோயை நடுவில் நுழைக்காதே. எழுந்து நடமாடப் போகும் நாளைப் பற்றி ஒரு வரி எழுது. கடைசி விதிதான் கடிதத்துக்கு உயிர். இங்கே அது செல்லாது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தபால்தலை.

மாராத்தாள் கசக்கிய தாள்களைக் கூட்டிக்கொண்டே, "யாருக்குங்கம்மா இத்தனை?" என்றாள். தம்பிக்கு என்றேன். "உங்களுக்குத் தம்பி இருக்குறாருங்களா?" ஏழு வருடமாக இங்கே வேலை செய்கிறாள்.

ஜூலை 8, வெள்ளி

ஒரு வரியும் நகரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இங்கே எழுதிவைக்கிறேன், வேறு எங்கும் எழுதப் போவதில்லை.

எண்பத்து மூன்றில் என் வீட்டுக்காரர் போனபோது பிறந்த வீட்டுக் கோடி எடுத்து வந்து, பதினாறு நாளும் கூடவே இருந்தவன் தங்கவேல். ஊருக்குத் திரும்பிய நான்காம் நாள் அவனிடமிருந்து ஒரு தபால் கார்டு. உறைகூட இல்லை. "இங்கு யாவரும் நலம், உன் நலம் அறிய ஆவல்" என்று தொடக்கம். புருஷனை எரித்த இருபதாம் நாள் நலம் கேட்கிறான். பிறகு, "நீ ஒத்தையில் இருக்க வேண்டாம், சாமான் எல்லாம் ஏறக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு, சோறு தண்ணிக்குக் குறை இல்லை." தபால்காரர் படித்திருப்பார். கோமதி வீட்டில்தான் கொடுத்துப் போயிருந்தார், அவளும் படித்திருந்தாள். "தம்பி கூப்பிடறாருங்களாமா, போயிருவீங்களா?" என்று கேட்டாள்.

சிவப்பு மை எடுத்தேன். வரிக்கு வரி திருத்தினேன். கீழே, "துக்க வீட்டுக்கு எப்படி எழுதுவது என்று கற்றுக்கொண்டு பிறகு எழுதவும்." உறையில் போட்டு அவனுக்கே அனுப்பினேன்.

அதன்பின் அவனிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. மோகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. வீட்டுக்கு வந்து தட்டில் வைத்துக் கூப்பிடாத கல்யாணத்துக்குப் போவதில்லை என்று இருந்துவிட்டேன்.

ஜூலை 9, சனி

மதியம் வெயில் கொஞ்சம்.

வெட்கமான காரியம் ஒன்று. இரங்கல் கடிதத்தை எழுதிவிட்டேன். தங்கவேல் இருக்கிறான், அவன் மனைவி சரஸ்வதிக்கு எழுதி வைத்துவிட்டேன்.

எனக்கு இது புதிது இல்லை. துக்கக் கடிதம் மூன்றாம் நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும், அதற்கு மேல் போனால் அது சம்பிரதாயம். செய்தி வந்த அன்று கை ஓடாது. அதனால் ஆபத்தாகக் கிடப்பவர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே எழுதி, முகவரி, ஸ்டாம்பு எல்லாம் முடித்து, தேதி மட்டும் விட்டு வைப்பேன். மூலைவீட்டு வாத்தியார் அப்படி நான் எழுதி வைத்த பிறகு நான்கு வருடம் இருந்தார். எனக்கு மட்டும்தான் தெரியும். என் கடிதம்தான் முதலில் வந்தது, அதுதான் நன்றாக இருந்தது என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கவேலுக்கு மூன்று நாளாக வராத கடிதம் சரஸ்வதிக்கு ஒரே மூச்சில் வந்தது. ஒரு அடித்தல்கூட இல்லை. நகல்:

"அன்புள்ள சரஸ்வதி,

தங்கவேல் போய்விட்டான் என்று கேட்டேன். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உனக்குத் தெரியாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா இறந்த வருடம் அப்பா என்னைக் குன்னூர் கான்வென்டில் சேர்த்தார். அவனுக்கு ஆறு வயது. மேட்டுப்பாளையம் ரயிலடியில் என் டிரங்குப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். பெட்டியை எடுத்தால் என்னையும் சேர்த்து எடுங்கள் என்றான். இரண்டு போர்ட்டர்கள் சேர்ந்து அவனைப் பிரித்தார்கள். என்னைப் படிக்க வைத்த அப்பா, தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று அவனை ஐந்தாவதோடு நிறுத்தினார். அதை ஒரு நாளும் அவன் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

நான் தனியானபோது என்னைக் கூப்பிட்டு எழுதிய ஒரே ஆள் அவன். அந்தக் கடிதத்தைத் திருத்தி அனுப்பினேன். அதில் திருத்த ஒன்றும் இல்லை. என் தம்பியைவிட நல்ல மனிதனை நான் பார்த்ததில்லை. இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்."

கையெழுத்து. தேதிக்கு இடம்.

ஜூலை 10, ஞாயிறு

தங்கவேலுக்கும் முடித்தாயிற்று. ஐந்து வரி. உடல்நலம் குன்றியதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வு அவசியம். மனத்தைரியம் அவசியம். இறைவன் அருள் உண்டு. இப்படிக்கு. ஒரு பாங்க் மேனேஜருக்கு எழுதுவதைப்போல் இருக்கிறது. வேறு வரவில்லை.

ஈரக்காற்றில் உறை ஒட்டமாட்டேன் என்கிறது. சோறு வைத்து இரண்டையும் ஒட்டி, காய்வதற்கு மேசையில் அகராதியின் கீழே. சரஸ்வதியுடையதைக் காலையில் டிராயரில் வைத்துப் பூட்ட வேண்டும்.

ஜூலை 11, திங்கள்

ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிக் கடை. டிராயரை மறந்தேன். திரும்பி வந்தபோது பதினொன்று. மேசை துடைத்து, அகராதி அலமாரியில். உறைகள் இல்லை.

"தபாலு எங்கே மாரா?"

"போட்டாச்சுங்கம்மா."

"எத்தனை?"

"ரெண்டுங்க. ரெண்டுலயும் ஸ்டாம்பு ஒட்டியிருந்துச்சுங்களே. ஸ்டாம்பு ஒட்டுன கடுதாசி மேசையில கண்ணுல படக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க."

நான்தான் சொல்லுவேன். ஏழு வருடமாகச் சொல்லிப் பழக்கினேன். ஒரு நாள் தாமதித்ததற்கு ஒரு தடவை அழவைத்துமிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளைச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் பேட்டை ராமநாதபுரம் தபாலாபீஸுக்கு ஆட்டோவில். கவுண்டரில் இருந்தவர், "பத்தரைக்கே பையைக் கட்டியாச்சுங்கம்மா. திருப்பி வாங்கறதுன்னா மேலதிகாரிக்கு அப்ளிகேஷன் எழுதோணும். உங்களுக்கு அப்ளிகேஷன் எழுத நாங்களா சொல்லித்தரோணும்?" என்று சிரித்தார். நல்ல மனிதர். அவருடைய டிரான்ஸ்பர் மனுவை நான்தான் எழுதினேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு நினைப்பு. சரஸ்வதிக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடமே போகாதவள். அந்த வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் அவளுக்குப் படித்துச் சொல்வது தங்கவேல். மோகன் காலையில் தறிப்பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். எழுதும்போது நினைவில் இல்லை.

இருட்டிய பிறகு கோமதி வீட்டுப் போன். சூலூர் நம்பர். மோகன் எடுத்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திரு என்று சொல்ல வேண்டும். எடுத்தது சரஸ்வதி.

"அல்லோ. யாருங்க? சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, காது கேக்கலீங்க."

வைத்துவிட்டேன். கால் மணி கழித்து மறுபடி. மறுபடி அவள். பின்னால் இருமல் சத்தம். மறுபடி வைத்துவிட்டேன்.

"லைனு கிடைக்கலீங்களா?" கோமதி.

கிடைக்கவில்லை என்றேன்.

ஜூலை 12, செவ்வாய்

சூலூருக்குத் தபால் எப்போதும் இரண்டு நாள். அப்படியானால் நாளைக்குத்தான். இன்று பஸ்ஸில் போய் வாசலில் தபால்காரரைப் பிடித்து, என் கடிதத்தைக் கொடுங்கள் என்று கேட்கலாம். புடவை மாற்றிக்கொண்டு பத்து மணிவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாரல் விடவில்லை. முழங்கால். நாளைக் காலை முதல் பஸ் என்று முடிவு.

சாப்பிடவில்லை. மாராத்தாளுக்குத் தயிர்சாதம் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 13, புதன்

தபால் நேற்றே போய்விட்டது.

புறப்படும்போது, காலை ஆறு மணிக்கு, மோகன் வாசலில். உள்ளே வரவில்லை. ஸ்கூட்டரில் ஒரு கை.

"ரெண்டும் ஒண்ணா வந்துதுன்னு அம்மா சொன்னாங்க. அம்மாதான் வாங்கிக் கட்டிலுக்குக் கொண்டு போனாங்க. முதல்ல தனக்கு வந்ததைப் படிச்சுச் சிரிச்சாருங்க. 'எங்கக்கா கலெக்டராயிருக்கோணும்'னாரு. அப்புறம் அம்மா, 'இது எனக்குன்னாருங்க தபால்காரரு, என்னான்னு பாருங்க'ன்னாங்க. சத்தமாத்தான் ஆரம்பிச்சாரு."

எதுவரை என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன்?

"முதல் வரி பாதி வரைக்குங்க. அப்புறம் மனசுக்குள்ளயே படிச்சாரு. ரெண்டு தடவை. அம்மா என்னாங்க என்னாங்கன்னதுக்கு, 'உடம்பைப் பாத்துக்கச் சொல்லி எழுதியிருக்குது, உன்னைய'ன்னாரு. மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அம்மாவுக்குச் சந்தேகம். அவரு தூங்கறப்ப எடுத்துக்கிட்டுப் போயி பக்கத்து ஊட்டு டீச்சரம்மாகிட்டப் படிக்கச் சொல்லீட்டாங்க."

பஸ்ஸுக்கு எடுத்த பையை வாசற்படியில் வைத்தேன்.

"உசுரோட இருக்கற மனுசனுக்கு எழவுக் கடுதாசி போட்டுபோட்டாங்களேன்னு நேத்து பொழுதோட இருந்து ஊடே ரெண்டாப் போச்சுங்க. நீங்க எதுக்குங்க அத்தை அதை எழுதுனீங்க? நான் உங்கள வரச் சொல்லித்தானுங்களே கூப்பிட்டேன்."

ஸ்கூட்டர் சத்தம் திருச்சி ரோடுவரை கேட்டது.

ஜூலை 14, வியாழன்

சரஸ்வதிக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மன்னிப்புக் கடிதத்துக்கு முதல் விதி, காரணம் சொல்லாதே. இரண்டாவது, நேரில் போக முடிந்தால் எழுதாதே. அதோடு பேனாவை மூடிவிட்டேன். அதை யார் படித்துக் காட்டுவார்கள்?

ஜூலை 15, வெள்ளி

காற்று குறைந்திருக்கிறது. மதியத் தபாலில் ஒரு கார்டு. தங்கவேல் கையெழுத்து. எழுத்து சரிந்து சரிந்து, மூன்று இடத்தில் பேனா கார்டைக் கிழித்திருக்கிறது. மோகனிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருக்க வேண்டும். அப்படியே நகல்:

"அக்காவுக்கு. கடுதாசி ரெண்டும் கெடச்சுது. எனக்கு எழுதினது நல்லா இல்லை. சரசுக்கு எழுதினது நல்லா இருக்குது. பெட்டி மேல உக்காந்தது எனக்கு ஞாபகம் இல்லை, நீ சொல்லித்தான் தெரியுது. அதில தேதி போட உட்டுட்டே. நீ எப்பவும் தேதி உடமாட்டியே. நான் போட்டுக்கட்டுமா? சும்மா சொன்னேன். சரசு கோவமா இருக்குறா. நீ வா. வந்தாச் சரியாப் போயிரும். வலி சாயங்காலம் தான் சாஸ்தி, காலையில வா. தங்கவேல்."

ஐந்து தடவை படித்தேன். திறந்த கார்டு. எல்லாரும் படித்திருக்கட்டும்.

நாளைக் காலை. ஹார்லிக்ஸ் வாங்க வேண்டும். சாத்துக்குடி ஆறு. நல்ல புடவை இஸ்திரி.

ஜூலை 16, சனி

காலை ஏழு மணி பஸ். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் தாண்டும்வரை நிற்கத்தான் இடம். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். எட்டு மணிக்கு வீட்டு வாசல். வீட்டுக்கு மேல்மாடி எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

சரஸ்வதி கேட்டுக்கு உள்ளே நின்றாள். தாழ்ப்பாளை எடுக்கவில்லை. இளைத்திருக்கிறாள்.

"வாங்க நங்கையா. எழுதுனது நடந்துருச்சான்னு பாக்க வந்தீங்களா?" நாத்தனார் முறை சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

"அவன் வரச் சொல்லி எழுதியிருக்கிறான் சரஸ்வதி." கார்டை நீட்டினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா அது?"

கார்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"தப்பு என்னுடையது. அது போட வேண்டிய கடிதம் இல்லை. கை தவறிப் போய்விட்டது."

"போட்டது கை தவறிங்க. எழுதுனது?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "தாலி கழுத்துல இருக்கறப்பவே எனக்குத் துக்கம் விசாரிச்சுபோட்டீங்க. உங்களுக்கு அப்படி ஒண்ணு வந்துச்சே, அன்னைக்கு இந்தக் கையாலதானுங்க உங்களுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துனேன். நான் ஏதாவது குறை வெச்சனுங்களா?"

"இல்லை."

"அப்ப நீங்க எழுதுனபடி ஆகட்டும். அன்னைக்கு வாங்க. அன்னைக்கு வேண்டாங்கமாட்டேன்."

அப்போது உள்ளேயிருந்து குரல். மெலிந்து போயிருந்தாலும் அவன் குரல்தான். "சரசு. யாரு, அக்காளா?"

"இல்லீங்க. கரண்டு கணக்கெடுக்கறவருங்க."

ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடுவில் பத்து அடி இருக்கும். ஜன்னல் திறந்துதான் இருந்தது. தங்கவேலு, நான்தான்டா என்று ஒரு வார்த்தை போதும். தெருவில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரஸ்வதி என் முகத்தையே பார்த்தாள். நான் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. கூப்பிட்டிருந்தால் தாழ்ப்பாளை எடுத்திருப்பாளோ?

சாத்துக்குடிப் பையைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், பை அங்கேயேதான் இருந்தது.

நாளை ஆடி பிறக்கிறது.

ஜூலை 18, திங்கள்

காய்ச்சல். மாராத்தாள் மிளகுரசம் வைத்தாள். "என்னாலதானுங்களாம்மா?" என்று நான்காவது தடவை கேட்டாள். இல்லை என்று நான்காவது தடவை.

மோகனுக்கு ஒரு வரி எழுதி அவன் பட்டறை முகவரிக்கு அனுப்பினேன். அப்பா கேட்டால் அக்கா வந்தாள் என்று மட்டும் சொல்.

ஜூலை 19, செவ்வாய்

கோமதி வந்தாள். அந்த மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வந்ததாம். கடிதம் எழுதிய கைக்கு வணக்கம் என்று போட்டிருக்கிறார்களாம். இப்போது நாத்தனார் மகனுக்கு ஒரு வேலை மனு.

இனி எழுதுவதில்லை என்றேன்.

"ஏனுங்கம்மா? கண்ணு தெரியலீங்களா?" உட்கார்ந்துகொண்டாள். "நேத்து பஸ்ஸுல ஒரு கூத்துக் கேட்டனுங்க. சூலூர்ப் பக்கமாமா. எவளோ ஒருத்தி, கூடப் பொறந்த தம்பி உசுரோட இருக்கறப்பவே எழவு விசாரிச்சுக் கடுதாசி போட்டாளாமா. அதையும் அந்த மனுசனே உக்காந்து படிச்சாராமா. நல்லாப் படிச்சவளாமாங்க. அப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளுங்களா?"

"இருப்பாள்" என்றேன்.

"மனசு எப்படிங்க வந்துது?"

"அவளைத்தான் கேட்க வேண்டும்."

காபி குடித்துவிட்டுப் போனாள்.

ஜூலை 20, புதன்

மோகனிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் இரண்டு வேளையும் தாண்டிப் போனார். இரவு காற்றில் வேப்பங்கிளை ஒன்று முறிந்து காம்பவுண்டுச் சுவர்மேல். வெட்ட ஆள் சொல்ல வேண்டும். பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

ஜூலை 21, வியாழன்

மணி ஆறு நாற்பது. மோகன் பட்டறையிலிருந்து ஒரு ஆள், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, தலைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். தண்ணீர் வேண்டாம் என்றார். இன்னும் நான்கு வீட்டுக்குச் சொல்ல வேண்டுமாம்.

"பெரியவரு விடியக்காலம் தவறிட்டாருங்க. எடுக்கறது மூணு மணிக்குங்க." போகத் திரும்பியவர் நின்று, ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "ஊட்டு அம்மா தனியா ஒண்ணு சொல்லியுட்டாங்க. நீங்க இப்ப வரலாமாமுங்க."

எட்டு மணி பஸ்.